குடியானவரிடம் பாடம் கேட்ட வெள்ளைக்கார விஞ்ஞானி

கோடை முடிந்து முதல் மழை விழுகிறது. மண் மணக்கிறது. குழந்தைகள்கூட அந்த மணத்தை அறிவார்கள்.

அந்த மணத்தை உண்டாக்குவது யார்? மண்ணுக்குள் வாழும் நுண்ணுயிர்கள்!

கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உயிர்கள் அவை. ஒரு கிராம் நல்ல மண்ணில் நூறு கோடி வரை இருக்கும். அவை இல்லாவிட்டால் விழுந்த இலை மக்காது. போட்ட எரு பயிருக்குச் சேராது. நாம் உண்ணும் சோறும் இல்லை.

இந்த உயிர்களுக்கும் பருவம் உண்டு. கோடையில் அடங்கிக் கிடக்கும். மழை விழுந்ததும் விழித்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கினால் திணறும். பயறு விதைத்தால் ஒரு கூட்டம் பெருகும். தழை போட்டால் வேறொரு கூட்டம் பெருகும். நிலத்தை மனிதன் எப்படி நடத்துகிறானோ, அப்படியே அவையும் வாழும், அல்லது மடியும்.

இந்த உண்மையை வயல் வரப்பில் நின்று படித்தவர் ஓர் ஆங்கிலேயர். அவர் பெயர் சர் ஆல்பர்ட் ஹோவர்டு. குப்பையை உரமாக்கும் இந்தூர் முறையை வகுத்தவர் இவரே. இயற்கை விவசாயத்தின் தந்தை என்று உலகில் பலர் இவரைப் போற்றுகிறார்கள்.

ஆனால் இவருக்குப் பாடம் சொன்னவர்கள் யார்? எழுதப் படிக்கத் தெரியாத இந்தியக் குடியானவர்கள்!

விவசாயி வீட்டுப் பிள்ளை

இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் என்று ஒரு ஜில்லா. அங்கே பிஷப்ஸ் காசில் என்ற சிற்றூர். 1873-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி ஆல்பர்ட் அங்கே பிறந்தார். தகப்பனார் விவசாயி. ஆகவே உழவும் அறுப்பும், மாடும் சாணமும் அவருக்குச் சிறு வயதிலேயே பழக்கம்.

பிள்ளை படிப்பில் சூரன். லண்டனில் விஞ்ஞானக் கல்லூரியில் படித்தார். பிறகு புகழ் பெற்ற கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பட்டம் பெற்றார்.

1899-ல் மேற்கிந்தியத் தீவுகளில் வேலை கிடைத்தது. கரும்பைத் தாக்கும் பூஞ்சக்காளான் நோய்களை ஆராய வேண்டும். பூதக்கண்ணாடியும் கண்ணாடிக் குழாயுமாகப் பொழுது போயிற்று.

அங்கே அவர் மனத்தில் ஒரு முள் தைத்தது. கரும்பு விவசாயிகளுக்கு அவர் யோசனை சொல்ல வேண்டும். ஆனால் அந்த யோசனையைச் சோதித்துப் பார்க்க அவருக்கென்று ஒரு காணி நிலம் கிடையாது. தான் சமைத்துப் பார்க்காத பண்டத்துக்குப் பக்குவம் சொல்வது போன்ற நிலைமை அது. இது சரியல்ல என்று அவருக்குப் பட்டது.

பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பினார். 1903-ல் வை என்ற ஊரில் இருந்த விவசாயக் கல்லூரியில் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகள் கழிந்தன. அப்போது இந்தியாவிலிருந்து அழைப்பு வந்தது.

பூசாவில் 75 ஏக்கர்

பீகாரில் பூசா என்று ஒரு கிராமம். லார்டு கர்ஸான் வைஸ்ராயாக இருந்தபோது அங்கே ஒரு பெரிய விவசாய ஆராய்ச்சிசாலை ஏற்பட்டது. பயிர் விஞ்ஞானியாக ஹோவர்டு 1905-ல் அங்கே வந்து சேர்ந்தார்.

அதே ஆண்டில் அவருக்குத் திருமணமும் நடந்தது. மணப்பெண் காப்ரியேல். அவரும் கேம்பிரிட்ஜில் படித்தவர். செடிகளின் மீது வெளிச்சமும் உஷ்ணமும் செய்யும் வேலையை ஆராய்ந்து, ஏற்கெனவே பெயர் வாங்கியவர். கணவனும் மனைவியும் ஒரே துறையில் விஞ்ஞானிகள். அந்தக் காலத்தில் அது அபூர்வம்.

பூசாவில் ஹோவர்டின் பழைய ஆசை நிறைவேறியது. சொந்தமாகப் பயிர் செய்து பார்க்க 75 ஏக்கர் நிலம் கிடைத்தது.

நிலம் கிடைத்ததும் அவர் செய்த முதல் காரியம் என்ன? ஆராய்ச்சிசாலையின் வேலியைத் தாண்டிப் போய், பக்கத்து வயல்களைப் பார்த்தார்.

அங்கே அவருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. பீகார் குடியானவர்கள் பூச்சி மருந்து எதுவும் தெளிக்கவில்லை. மூட்டை உரம் எதுவும் போடவில்லை. ஆனாலும் பயிர்கள் செழிப்பாக இருந்தன. பூச்சியும் நோயும் மிகவும் குறைவு.

இவர்கள் செய்வதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று ஹோவர்டு எண்ணினார். அதைக் கற்றுக்கொள்ளத் தீர்மானித்தார். உலகின் பெரிய சர்வகலாசாலையில் பட்டம் பெற்றவர், கோவணம் கட்டிய உழவனைக் குருவாக ஏற்றுக்கொண்டார்.

அவருக்கு இன்னொரு குருவும் உண்டு. அது பூச்சி! ஒரு பயிரைப் பூச்சி தாக்கினால், அந்தப் பயிருக்கோ மண்ணுக்கோ ஏதோ குறை இருக்கிறது என்று அவர் கொண்டார். பூச்சியைக் கொல்வதற்கு முன்னால் அந்தக் குறையைத் தேடினார்.

ஹோவர்டு தம்பதிகள் பூசாவில் நல்ல கோதுமை ரகங்களையும் உண்டாக்கினார்கள். பூசா 4, பூசா 12 என்ற கோதுமைகள் நாடெங்கும் பரவின. அதனால் அவர்கள் புகழ் ஓங்கியது. ஆனால் நல்ல விதை மட்டும் போதாது என்பதை ஹோவர்டு சீக்கிரமே கண்டுகொண்டார். விதை விழும் மண்ணும் உயிரோடு இருக்க வேண்டும்.

வெடியுப்பு சொன்ன கதை

பீகார் மண்ணுக்கு ஒரு பழைய பெருமை உண்டு. அது வெடியுப்பு.

வெடிமருந்து செய்ய வெடியுப்பு தேவை. கிழக்கிந்தியக் கம்பெனி அதைப் பீகாரில்தான் ஏராளமாக வாங்கிக் கப்பல் ஏற்றியது. கிராமங்களில் வீட்டோரத்து மண்ணையும், மாடு கட்டும் இடத்து மண்ணையும் சுரண்டி எடுப்பார்கள். அதைக் கரைத்து, வடிகட்டிக் காய்ச்சினால் வெடியுப்பு கிடைக்கும்.

அந்த உப்பு மண்ணில் எப்படி வந்தது? மாட்டு மூத்திரத்திலும் கழிவிலும் நைட்ரஜன் என்ற சத்து இருக்கிறது. மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட் என்ற உப்பாக மாற்றுகின்றன. வெயில் காலத்தில் அது வெள்ளையாகப் பூத்து நிற்கிறது.

பயிரின் வேர் விரும்பி உண்ணும் உணவும் இந்த நைட்ரேட்தான்! ஆகவே, மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் பயிருக்குச் சமையல்காரர்கள். அவை எப்போது சமைக்கின்றன, எப்போது சும்மா இருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் விவசாயத்தின் பாதி ரகசியம் விளங்கிவிடும்.

சமையலுக்கு அவற்றுக்கு நான்கு பொருள்கள் வேண்டும். இரை வேண்டும். ஈரம் வேண்டும். சூடு வேண்டும். காற்று வேண்டும். கோடையில் சூடு இருக்கிறது, ஈரம் இல்லை. குளிர்காலத்தில் ஈரம் இருக்கிறது, சூடு போதாது. அடைமழையில் ஈரம் மிஞ்சிவிடுகிறது; காற்று போய்விடுகிறது.

முதல் மழையின்போதோ எல்லாம் ஒன்று சேர்கின்றன. கோடையில் மடிந்த நுண்ணுயிர்களின் உடல்களே பிழைத்தவற்றுக்கு இரையாகின்றன. மண்ணுக்குள் பெரிய விருந்து நடக்கிறது. சில நாட்களிலேயே நைட்ரேட் மளமளவென்று பெருகிவிடுகிறது.

இங்கேதான் ஓர் ஆபத்து இருக்கிறது.

களையில் ஒளிந்திருந்த அறிவு

நைட்ரேட் தண்ணீரில் சுலபமாகக் கரையும் உப்பு. பின்னால் வரும் பெருமழை அதைக் கரைத்து ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். பயிருக்கு அது எட்டாது. வட இந்தியாவில் கோதுமை விதைப்பது அக்டோபரில். மழை பிடிப்பது ஜூனில். ஜூனில் சமைத்த சோற்றை அக்டோபர் வரை எப்படிக் காப்பாற்றி வைப்பது?

கங்கைச் சமவெளியில் சில குடியானவர்கள் ஒரு காரியம் செய்து வந்தார்கள். மழை பிடித்ததும் கோதுமை நிலத்தில் களை மண்டும். அவர்கள் அதை உடனே உழ மாட்டார்கள். களையை வளர விட்டுவிடுவார்கள். ஆகஸ்டு மாதக் கடைசியில்தான் ஏர் பூட்டுவார்கள்.

மேலாகப் பார்ப்பவருக்கு இது சோம்பேறித்தனமாகத் தோன்றும். ஹோவர்டு அப்படி நினைக்கவில்லை. யோசித்துப் பார்த்தார். காரணம் புரிந்தது.

மழை அடித்துக்கொண்டு போக இருந்த நைட்ரேட்டை, களைகள் உறிஞ்சித் தம் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. ஆகஸ்டு கடைசியில் அவற்றை உழுது மடக்கினால், நுண்ணுயிர்கள் அவற்றை மக்கவைக்கின்றன. அக்டோபரில் கோதுமை முளைக்கும்போது அந்தச் சத்து வேருக்குத் தயாராக இருக்கிறது. களை, காசு சேர்த்து வைக்கும் உண்டியலாக வேலை செய்கிறது!

நுண்ணுயிர் என்ற சொல்லையே அந்தக் குடியானவர் கேட்டதில்லை. ஆனால் அவற்றின் பருவம் அவருக்குத் தெரிந்திருந்தது. தாத்தாவும் அப்பாவும் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

இப்படியே இன்னொரு வழக்கத்தையும் ஹோவர்டு கவனித்தார். குடியானவர்கள் தானியத்தைத் தனியாக விதைப்பது அபூர்வம். கோதுமையோடு கொண்டைக்கடலை, சோளத்தோடு துவரை என்று கலந்து விதைப்பார்கள். கடலை, துவரை வேர்களில் சின்னச் சின்ன முண்டுகள் இருக்கும். அவற்றில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. ஐரோப்பிய விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தது 1880-களில். இந்திய உழவர்கள் அதன் பயனைத் தலைமுறை தலைமுறையாக அனுபவித்து வந்தார்கள்.

மூச்சுத் திணறிய அவுரி

பீகார் என்றால் அந்தக் காலத்தில் அவுரியும் நினைவுக்கு வரும். நீலச் சாயம் எடுக்கும் செடி அது. அவுரி பயிரிடும்படி குடியானவர்களை வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் கட்டாயப்படுத்தினார்கள். அதை எதிர்த்துத்தான் 1917-ல் காந்தியடிகள் சம்பாரணில் சத்தியாக்கிரகம் நடத்தினார்.

அந்த அவுரிக்கு ஒரு விசித்திரமான நோய் வந்தது. மழைக்காலத்தில் செடி வாடும். இலை உதிரும். செத்துப் போகும். என்ன கிருமி, என்ன பூச்சி என்று எல்லோரும் தேடினார்கள்.

ஹோவர்டு வேரைத் தோண்டிப் பார்த்தார். மண்ணைத் தண்ணீரால் மெல்லக் கழுவி, வேர் அறுபடாமல் வெளியே எடுத்தார். உண்மை வெளியாயிற்று. உணவை உறிஞ்சும் மெல்லிய வேர்களும், பாக்டீரியாக்கள் வாழும் வேர் முண்டுகளும் அழுகிப்போயிருந்தன.

பூசாவின் மண் பொடி வண்டல். பெருமழை அடித்தால் மேல் மண் மெழுகியது போல் ஆகிவிடும். கீழேயிருந்து ஊற்றும் உயரும். நடுவே உள்ள மண்ணில் காற்றுப் புக வழியில்லை. வேரும் மூச்சு விட வேண்டும். நுண்ணுயிர்களும் மூச்சு விட வேண்டும். இருக்கிற கொஞ்சக் காற்றுக்கு இரண்டும் போட்டி போடுகின்றன. கடைசியில் வேர் சாகிறது.

அதோடு போகவில்லை. காற்றில்லாத மண்ணில் வேறு வகை பாக்டீரியாக்கள் தலையெடுக்கின்றன. அவை நைட்ரேட்டைச் சிதைத்து வாயுவாக்கி விடுகின்றன. அரும்பாடுபட்டுச் சேர்ந்த சத்து ஆகாயத்தில் போய்விடுகிறது.

மருந்தால் தீரும் நோய் அல்ல இது. ஹோவர்டு தம் நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வடிகால் வெட்டினார். மழைத் தண்ணீர் ஓடிற்று. மண் மூச்சு விட்டது. உடைந்த ஓட்டுச் சில்லுகளை மண்ணில் கலந்து, காற்றுப் புக வழி செய்தும் பார்த்தார். பயிர் தேறியது.

ஒரே மண்தான். தண்ணீரைத் தேங்க விட்டால் ஒரு கூட்டம் வாழ்கிறது. வடிய விட்டால் இன்னொரு கூட்டம் வாழ்கிறது. எந்தக் கூட்டம் வாழ வேண்டும் என்பது நிலத்தை வைத்திருப்பவன் கையில் இருக்கிறது.

அறைக்கு ஒரு நிபுணர்

ஹோவர்டுக்கு மனத்தில் ஒரு பெரிய திட்டம் உருவாயிற்று. இந்தியாவின் மண் பசித்திருக்கிறது. சாணம்தான் அதற்கு நல்ல உணவு. ஆனால் விறகு கிடைக்காததால் சாணத்தின் பெரும்பகுதி வறட்டியாகி அடுப்பில் எரிகிறது. அப்படியானால் மண்ணுக்கு எதைக் கொடுப்பது?

வயலில் வீணாகும் தாளும் தட்டையும், சருகும் களையும் இருக்கின்றனவே! அவற்றை நல்ல உரமாக்க ஒரு வழி காண வேண்டும். சீனக் குடியானவர்கள் ஒரு கழிவையும் வீணாக்காமல் மண்ணுக்குத் திருப்பித் தருகிறார்கள் என்று, கிங் என்ற அமெரிக்கர் 1911-ல் வெளிவந்த நூலில் எழுதியிருந்தார். அதைப் படித்த ஹோவர்டின் உற்சாகம் இரட்டித்தது.

ஆனால் பூசாவில் அது நடக்கவில்லை. அங்கே ரசாயனத்துக்கு ஓர் அறை. பூச்சிக்கு ஓர் அறை. பூஞ்சக்காளானுக்கு ஓர் அறை. பாக்டீரியாவுக்கு ஓர் அறை. ஒருவர் எல்லையில் இன்னொருவர் கால் வைக்கக் கூடாது. குப்பைக் குழியிலோ இவை எல்லாமே ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன!

ஹோவர்டு பணிந்து போகிறவர் அல்ல. பேச்சிலும் எழுத்திலும் காரம் அதிகம். சக விஞ்ஞானிகள் பலருக்கு அவரைப் பிடிக்கவில்லை. வெளியூர் போய்ப் புதிதாகத் தொடங்குவதே மேல் என்று அவர் முடிவு செய்தார்.

இந்தூரில் ஓர் எருக்குழி

1924-ல் மத்திய இந்தியாவில் உள்ள இந்தூரில் ஒரு புதிய பயிர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. பருத்தி ஆராய்ச்சியே அதன் முக்கிய வேலை. ஹோவர்டு அதற்கு டைரக்டர் ஆனார். சுற்றிலும் கரிசல் மண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மழையில் களியாகிக் காற்றை அடைத்துவிடும்.

அங்கே யஷ்வந்த் வாட் என்ற இந்திய ரசாயன விஞ்ஞானி அவருக்குத் துணையாக வாய்த்தார். இருவரும் சேர்ந்து வகுத்ததுதான் இந்தூர் முறை.

முறை எளிது. பருத்திக் கட்டை போன்ற கடினமான தட்டைகளைப் பாதையில் பரப்புவார்கள். வண்டிச் சக்கரம் ஏறி அவை நசுங்கும். பிறகு தழை, சருகு, வைக்கோல், களை எல்லாவற்றையும் அவற்றோடு கலந்து மாடுகளுக்குப் படுக்கையாகப் போடுவார்கள். மாட்டு மூத்திரம் அதில் ஊறும்.

அந்தப் படுக்கையை எடுத்துக் குழியில் அடுக்குவார்கள். குழியின் நீளம் 30 அடி. அகலம் 14 அடி. ஆழம் 2 அடிதான். ஆழம் அதிகமானால் காற்றுப் புகாது. ஒவ்வோர் அடுக்கின் மேலும் சாணக் கரைசலும், மூத்திரம் ஊறிய மண்ணும், அடுப்புச் சாம்பலும் தெளிப்பார்கள். பழைய குழியிலிருந்து கொஞ்சம் உரத்தையும் எடுத்துக் கலப்பார்கள். பாலில் உறை ஊற்றுவது போலத்தான்! பழைய குழியின் நுண்ணுயிர்கள் புதுக் குழியில் குடியேறிவிடும்.

சில நாட்களில் குழி கொதிக்கும். உஷ்ணம் 65 டிகிரி சென்டிகிரேடு வரை ஏறும். நெருப்பு இல்லை; நுண்ணுயிர்கள் மூச்சு விடும் சூடுதான் அது. முதலில் வேலை செய்வது பூஞ்சக்காளான். வெள்ளை நூல் போல் படர்ந்து, கடினமான தட்டையை உடைக்கும். பிறகு பாக்டீரியாக்கள் வந்து வேலையை முடிக்கும். காற்றுக்காக மூன்று தடவை கிளறிவிடுவார்கள். மூன்று மாதத்தில் கறுத்த, பொலபொலப்பான உரம் தயார்.

இங்கேயும் பருவத்தை ஹோவர்டு மறக்கவில்லை. மற்ற மாதங்களில் குழி. மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் நிற்கும், காற்றுப் போய்விடும். ஆகவே மழைக்காலத்தில் தரைக்கு மேலே குவியல். கோடையில் ஈரம் காயாதபடி தண்ணீர் தெளிப்பு. குழியில் வாழும் உயிர்களுக்கு எந்தக் காலத்தில் எது குறைகிறதோ, அதை மனிதன் ஈடு செய்ய வேண்டும் என்பதே அவர் கொள்கை.

செலவு என்று பார்த்தால் உழைப்பு ஒன்றுதான். கையில் காசில்லாத ஏழைக் குடியானவரும் செய்ய முடியும். ஹோவர்டு விரும்பியதும் அதுவே.

துணை பிரிந்தது

இந்தூர் முறை வெற்றி பெற்ற நேரத்தில் பேரிடி விழுந்தது. 1930-ல் காப்ரியேல் காலமானார். இருபத்தைந்து ஆண்டுகள் வயலிலும் ஆராய்ச்சிசாலையிலும் கூடவே நின்றவர். ஹோவர்டின் கட்டுரைகளில் பலவற்றை இருவரும் சேர்ந்தே எழுதினார்கள்.

ஹோவர்டு நிலைகுலைந்தார். இந்தியாவில் இருக்க மனம் கொள்ளவில்லை. 1931-ல் வேலையை விட்டு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். வாட் அவர்களோடு சேர்ந்து எழுதிய உர நூல் அந்த ஆண்டே வெளிவந்தது. காப்ரியேலின் தங்கை லூயிஸ் அவரை மணந்துகொண்டார். பின்னாளில் அவருடைய வரலாற்றை எழுதியவரும் லூயிஸ்தான்.

1934-ல் பிரிட்டிஷ் சர்க்கார் அவருக்கு சர் பட்டம் அளித்தது. ஓய்வு பெற்றவர் ஓய்ந்து உட்காரவில்லை. 1937-38-ல் இலங்கை, இந்தியத் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். தேயிலை வேரோடு பூஞ்சக்காளான் நூல்கள் பின்னிக்கொண்டு வாழ்வதைக் கவனித்தார். மக்கிய உரம் உள்ள இடத்தில் இந்த நட்பு ஓங்கியிருப்பதாக அவர் கருதினார்.

1940-ல் அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. அதில் இந்தியக் குடியானவரின் பெருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னார். நூலை மறைந்த மனைவிக்குக் காணிக்கையாக்கினார்.

புகழும் எதிர்ப்பும்

நூலுக்குப் பாராட்டும் வந்தது. பலத்த எதிர்ப்பும் வந்தது. ரசாயன உரமே கூடாது என்று அவர் அடித்துச் சொன்னார். மண்ணின் உயிரை அது கெடுத்துவிடும் என்றார். விஞ்ஞானிகள் பலர் அதை மறுத்தார்கள்.

அவர் சொன்ன எல்லாமே சரி என்று இன்றைய விஞ்ஞானம் ஒப்புக்கொள்ளவில்லை. உதாரணமாக ஒரு செய்தி. பூசாவில் அவருடைய மாடுகள், கோமாரி நோய் கண்ட மாடுகளோடு வேலிக்கு மேலே மூக்கோடு மூக்கு உரசின. ஆனால் அவற்றுக்கு நோய் தொற்றவில்லை. நல்ல மண்ணில் விளைந்த தீவனமே காரணம் என்று ஹோவர்டு நம்பினார். இதற்குப் போதுமான சான்று கிடையாது. கோமாரிக்குத் தடுப்பூசி இருக்கிறது. மாடு வைத்திருப்பவர்கள் அதைத் தவறாமல் போட வேண்டும்.

ரசாயன உரம் இல்லாமல் இன்றைய உலகின் பசியை ஆற்ற முடியாது என்று சொல்பவர்களும் உண்டு. அந்த வாதம் முடிந்துவிடவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் ஹோவர்டு காலத்துக்கு முன்னால் நடந்தார். மண் என்பது சத்துகளைப் போட்டு வைக்கும் பெட்டி என்று பலர் எண்ணிய காலம் அது. இவ்வளவு எடுத்தோம், இவ்வளவு போட்டால் கணக்குச் சரி என்று நினைத்தார்கள். மண் உயிருள்ளது, அதற்குப் பசியும் தாகமும் மூச்சும் உண்டு என்று ஹோவர்டு சொன்னார். அதை இன்று யாரும் மறுப்பதில்லை.

ஓயாமல் உழுதால் பூஞ்சக்காளான் நூல்கள் அறுபடுகின்றன. ஒரே பயிரை ஆண்டுதோறும் போட்டால் நுண்ணுயிர்களின் வகை குறையக்கூடும். வெறும் தரையாக வெயிலில் கிடந்தால் அவற்றுக்கு இரை குறைகிறது. பயிரை மாற்றிப் போட்டால், தழை எரு சேர்த்தால், தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் அவை மீண்டும் பெருகுகின்றன. இவை இன்று ஆராய்ச்சிகள் காட்டும் முடிவுகள்.

கடைசி நாட்கள்

1947 ஆகஸ்டு 15-ந் தேதி இந்தியா சுதந்திரம் அடைந்தது. இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 20-ந் தேதி சர் ஆல்பர்ட் ஹோவர்டு இங்கிலாந்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 73.

அவர் வேலை பார்த்த பூசா ஆராய்ச்சிசாலை 1934 பூகம்பத்தில் சேதமடைந்தது. பிறகு அது டில்லிக்கு மாற்றப்பட்டது. டில்லியில் அது இருக்கும் இடத்துக்கும் பூசா என்றே பெயர் வந்தது. பீகார் பூசாவில் இன்று ஒரு மத்திய விவசாயப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

ஹோவர்டு வெட்டிய எருக்குழிகள் தூர்ந்து போயிருக்கும். முறை மட்டும் தூர்ந்துபோகவில்லை. ஆப்பிரிக்காவில் காப்பித் தோட்டங்களுக்கும், அமெரிக்காவில் வீட்டுத் தோட்டங்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. இந்தூர் என்ற நம் நாட்டு ஊரின் பெயரும் அதோடு போயிற்று.

அந்தப் பெயருக்குப் பின்னால் இன்னும் பல பெயர்கள் இருக்கின்றன. ஆகஸ்டு வரை ஏர் பூட்டாமல் காத்திருந்தவர். கோதுமையோடு கடலையைக் கலந்து விதைத்தவர். ஓர் ஆங்கிலேயர் வரப்பில் வந்து நின்று கேட்டபோது தம் வழக்கத்தை மறைக்காமல் காட்டியவர். எந்தப் புத்தகத்திலும் அவர்கள் பெயர் இல்லை. ஆனால் தம் ஆசிரியர்கள் அவர்கள்தாம் என்று ஹோவர்டு கடைசிவரை சொல்லிவந்தார்.